எல்லாப் பாடத்திலும் எண்: நீலகிரி தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்துப் பள்ளிகளில் ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கு பீரியடில் கற்ற எண்ணை தமிழ், அறிவியல், சமூக அறிவியல், ஓவியம், விளையாட்டு என்று மற்ற இடங்களிலும் பிள்ளைகளைப் பயன்படுத்த வைப்பது எப்படி என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் அடிப்படை. 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளை மனத்தில் வைத்து எழுதியது.

எண்ணறிவு என்பதும் கணக்குப் பாடமும் ஒன்றுதானே?

முழுக்க ஒன்று இல்லை. கணக்குப் பாடத்தில் பிள்ளை கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு, அளவைகள் எல்லாம் கற்றுக்கொள்கிறது. ‘இது பெருக்கல் கணக்கு’ என்று யாரும் சொல்லாத இடத்திலும் அதே பிள்ளை தானாகவே எண்ணைக் கையில் எடுக்கிறதா? அதுதான் எண்ணறிவு. 100 சென்டிமீட்டர் ஒரு மீட்டர் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் வகுப்பறைக் கதவு எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். 20 மீட்டர் என்றும் வரும், 50 சென்டிமீட்டர் என்றும் வரும். வாய்ப்பாடு தெரியும், ஆனால் மீட்டர் என்பது கண்ணுக்கும் கைக்கும் இன்னும் பழகவில்லை.

தமிழ்நாட்டில் 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துச் செயல்பாடு கொடுப்பது அதில் நல்ல ஏற்பாடு. அந்தச் செயல்பாடுகள் கணக்கு பீரியடோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

எல்லாப் பாடத்திலும் கணக்கைக் கொண்டுவந்தால் தமிழ் தமிழாகவும் அறிவியல் அறிவியலாகவும் இருக்குமா?

நியாயமான பயம். தவறாகச் செய்தால் இருக்காது. ‘மரத்தில் 8 குருவி, 3 பறந்துபோனது, மீதி எத்தனை’ என்று ஒரு பாட்டை நிறுத்திக் கேட்டால் பாட்டும் போயிற்று, கணக்கும் உருப்படியாக நடக்கவில்லை.

நான் ஒரே ஒரு சோதனைதான் வைத்துக்கொள்கிறேன். அந்தப் பாடத்துக்கு உள்ளிருந்தே ஒரு கேள்வி எழ வேண்டும், அதற்கு எண் இல்லாமல் விடை கிடைக்கக்கூடாது. ‘இந்த வருடம் மழை அதிகமா?’ என்பது அறிவியல் கேள்வி. அளக்காமல் அதற்கு விடை சொல்ல முடியாது. ‘இந்த ஊருக்கு முதலில் ரயில் வந்ததா, தாவரவியல் பூங்கா வந்ததா?’ என்பது வரலாற்றுக் கேள்வி. ஆண்டுகளை வரிசைப்படுத்தாமல் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட கேள்வி கிடைக்காத பாடத்தில் எண்ணைத் திணிக்க வேண்டாம். ஒரு கதையைக் கதையாக வாசித்து மகிழ்ந்துவிட்டுப் போகலாம், அதில் தவறே இல்லை.

தமிழ்ப் பாடத்தில் அப்படி என்ன கேள்வி எழும்?

திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். 133 அதிகாரம், அதிகாரத்துக்கு 10 குறள், மொத்தம் 1330. அறம் 38, பொருள் 70, இன்பம் 25 அதிகாரங்கள். மனப்பாடப் பகுதியில் ஒரு குறள் வரும்போது அதன் எண்ணையும் பலகையில் எழுதுங்கள். ‘392-வது குறள் எந்த அதிகாரத்தில் இருக்கும்? புத்தகத்தைத் திறக்காமல் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள்.

முதலில் 39 என்றுதான் வரும். 392-ல் 39 பத்துகள் இருக்கின்றன, பிள்ளை சொன்னது காரணத்தோடுதான். உடனே தவறு என்று சொல்லிவிடாதீர்கள். ‘சரி, முதல் அதிகாரத்தில் எந்தக் குறளிலிருந்து எந்தக் குறள் வரை?’ என்று கேட்டால் 1 முதல் 10 என்பார்கள். இரண்டாவது 11 முதல் 20. அப்படியே கொஞ்ச தூரம் போனால் 39 அதிகாரம் முடிந்தபோது 390 குறள் முடிந்துவிட்டது, 391-ல் தொடங்குவது நாற்பதாவது அதிகாரம் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். நாற்பதாவது அதிகாரம் ‘கல்வி’. அடுத்து 400-ஐக் கேளுங்கள். அது 40-ல் கடைசியா, 41-ல் முதலா? இந்த ஒரு கேள்வியில் வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடும். இடமதிப்பும் மீதியும் இதைவிட நன்றாக மனத்தில் பதிய வேறு வழி வேண்டாம். இங்கே எண்ணைப் பிடித்துக்கொண்டு பிள்ளை குறளைத் தேடிப் போகிறது, அதனால் தமிழுக்கும் நட்டமில்லை.

கடிதம் எழுதுதல், செய்தி வாசித்தல், அறிவிப்புப் பலகை படித்தல் போன்றவற்றிலும் தேதி, நேரம், தொலைவு, விலை தாமாகவே வரும். ஒரு விஷயத்தை மட்டும் வற்புறுத்துவேன். பிள்ளைகள் எழுதும் கட்டுரையில் ‘நிறைய’, ‘ரொம்ப தூரம்’ என்று வரும் இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து திருத்தி எழுதட்டும்.

அறிவியலுக்கு எங்கிருந்து தொடங்குவது? எங்கள் பள்ளியில் ஆய்வகம் கிடையாது.

மழையிலிருந்து தொடங்குங்கள். நம் மலைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

மழைமானி செய்ய பாட்டிலை வெட்டச் சொல்லும் குறிப்புகள்தான் எங்கும் கிடைக்கும். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, அதைப் பள்ளியே மீற வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, நேர்ச்சுவர் கொண்ட எவர்சில்வர் டப்பா ஒன்று போதும். ஹார்லிக்ஸ் பாட்டில் போல வாய் குறுகிய பாத்திரம் ஆகாது. சிறிய வாய் வழியாக வரும் தண்ணீர் அகலமான உடம்பில் பரவி மட்டம் குறைவாகக் காட்டும். டப்பாவைத் திறந்த வெளியில், மரமோ கூரை விளிம்போ பக்கத்தில் இல்லாத இடத்தில், காற்றில் சாயாமல் கல் அணைத்து வையுங்கள். வானிலைத் துறை மழையளவை எடுப்பது காலை 8.30 மணிக்கு. பிள்ளைகளும் பள்ளிக்கு வந்த உடனே, தினமும் ஒரே நேரத்தில் அளக்கட்டும்.

இனி அளக்கும்போது என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பிள்ளை ஸ்கேலை டப்பாவுக்குள் நிறுத்தும். ஸ்கேலின் ஓரத்துக்கும் 0 என்ற கோட்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கும். அதைக் கவனிக்காமல் படித்தால் தினமும் சில மில்லிமீட்டர் குறையும். இன்னும் சிலர் 1-லிருந்து எண்ணத் தொடங்குவார்கள். இந்த இரண்டு தவறும் கணக்குப் புத்தகத்தில் படம் பார்த்து அளக்கும்போது வெளியே தெரியவே தெரியாது. உண்மையான தண்ணீரில் ஸ்கேலை விடும்போதுதான் தெரியும். ஓரத்திலேயே 0 தொடங்கும் இரும்பு ஸ்கேல் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அடுத்த கேள்வி பெரும்பாலும் பிள்ளைகளிடமிருந்தே வரும்: ‘டீச்சர், பெரிய டப்பா வெச்சா நிறைய மழை காட்டுமா?’ பதில் சொல்லாதீர்கள். அகலமான டப்பா ஒன்று, குறுகலானது ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மறுநாள் காலை இரண்டிலும் ஒரே மட்டம்தான் இருக்கும். தண்ணீரின் கொள்ளளவு வேறு, ஆழம் வேறு என்று அன்று புரியும் பிள்ளைக்கு அது மறக்காது.

ஐந்தாம் வகுப்புக்கு இன்னும் ஒரு படி போகலாம். 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 சதுர மீட்டர் இடத்தில் 1 லிட்டர் தண்ணீர். பள்ளிக் கூரை 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் 60 சதுர மீட்டர். ஒரு நாள் 10 மில்லிமீட்டர் பெய்தால் அந்தக் கூரையில் விழுந்தது 600 லிட்டர். அது எத்தனை குடம் என்று குடத்தை அளந்து சொல்லட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. 80 சென்டிமீட்டரைச் சுவரில் கோடு போட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் நிற்கச் சொன்னால் ஏறக்குறைய நெஞ்சுக்கு வரும். அந்த வருடம் மண் ஏன் சரிந்தது என்று அதன்பிறகு பேசினால் வகுப்பு கவனமாகக் கேட்கும்.

பந்தலூர், கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழைதான் அதிகம். அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றும் இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றும் போனில் அளவைப் பரிமாறிக்கொண்டு ஒரே சார்ட்டில் இரண்டு நிறத்தில் பட்டை வரைந்தால், ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மழைக்காலம் இருப்பதைப் பிள்ளைகளே காட்டிவிடுவார்கள்.

வெப்பநிலை? உறைபனி நாளில் ‘மைனஸ்’ என்று டிவியில் சொல்கிறார்கள். தொடக்கப்பள்ளியில் அதைச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். குறை எண்களைக் கூட்டிக் கழிப்பது பிறகு வரும் பாடம். ஆனால் தலைகுந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளையிடம் 0-க்குக் கீழே ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. சுவரில் நெடுக்காக ஒரு எண்கோடு வரைந்து 0-ஐத் தரையில் வைக்காமல் கொஞ்சம் மேலே வையுங்கள். அன்றைய வெப்பநிலைக்கு ஒரு துணிக்கிளிப். அவ்வளவு போதும்.

சமூக அறிவியலில் ஆண்டுகளை மனப்பாடம் செய்யவைத்தாலே போதாதா?

ஆண்டு என்பது வெறும் அடையாள எண்ணாக நின்றுவிட்டால் பிள்ளைக்கு 1819-ம் 1908-ம் ஒன்றுதான், இரண்டும் ‘அந்தக் காலம்’. வகுப்பறையின் குறுக்கே ஒரு கயிறு கட்டுங்கள். ஒரு சாண் பத்து ஆண்டு. பிள்ளைகள் பிறந்த ஆண்டை ஒரு முனையில் மாட்டுங்கள். பிறகு பின்னோக்கிப் போகலாம். மலை ரயில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 2005. ரயில் உதகைக்கு வந்தது 1908. குன்னூருக்கு வந்தது 1899. உதகை தாவரவியல் பூங்கா 1848. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் கோத்தகிரி வழியாக மலைக்கு வந்தது 1819. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் எல்லாம் அதற்கும் எவ்வளவோ முன்னால் இங்கே வாழ்ந்தவர்கள். கயிறு வகுப்பறைச் சுவரைத் தாண்டி வெளியே போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது மிக முக்கியம். இந்த மலையின் கதை 1819-ல் தொடங்கவில்லை. அதைப் பேச்சில் சொல்வதைவிடக் கயிற்றின் நீளத்தில் காட்டினால் நன்றாகப் புரியும்.

இங்கே கழித்தல் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில் குன்னூரிலிருந்து உதகைக்கு வர எத்தனை வருடம் ஆயிற்று? 1908-லிருந்து 1899-ஐக் கழிக்கச் சொன்னால் கடன் வாங்கிக் கடன் வாங்கிப் பாதிப் பேர் எங்கோ போய் நிற்பார்கள். கயிற்றில் கை வைத்து 1899-லிருந்து 1900-க்கு ஒன்று, அங்கிருந்து 1908-க்கு எட்டு, மொத்தம் ஒன்பது என்று எண்ணிச் சேர்ப்பவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியர் ‘அது கணக்கு டீச்சர் சொல்லிக்கொடுத்த முறை இல்லையே’ என்று தடுக்க வேண்டாம். இரண்டும் சரியான முறைகள்தான், எந்த இடத்துக்கு எது வசதி என்று பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும்.

மலை ரயிலை வைத்து வேறு என்ன செய்யலாம்?

ஒரு மாதப் பாடமே நடத்தலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கப்பாதை, 250 பாலம். 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி ஏறக்குறைய 2200 மீட்டருக்கு ஏறுகிறது. முதலில் உத்தேசமாகக் கேளுங்கள்: ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பாலம் வரும்? 250-ஐ 46-ஆல் வகுக்கத் தேவையில்லை. 50 கிலோமீட்டர் என்று வைத்தால் 5, உண்மையில் அதைவிடக் கொஞ்சம் அதிகம். இப்படி முழு எண்ணாக்கி மதிப்பிடும் பழக்கம் நம் வகுப்புகளில் மிகக் குறைவு. துல்லியமான விடைக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்துக் கொடுத்து, உத்தேசம் சொல்லவே பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரத்தில் ஏறும் பகுதியில் மிகச் செங்குத்தான ஏற்றம் 12-க்கு 1. மைதானத்தில் 12 அடி நீளக் கயிறு போட்டு, ஒரு முனையில் 1 அடி உயரக் கட்டையை வைத்து, அடுத்த முனைக்குக் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். பார்த்ததும் ‘இவ்வளவுதானா?’ என்பார்கள். நம் பிள்ளைகள் தினமும் நடந்துவரும் பாதை அதைவிடச் செங்குத்து. ஆனால் வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும், அதனால்தான் நடுவே பல்தண்டவாளம். இங்கே எண்ணிலிருந்து அறிவியலுக்குப் போய்விட்டோம், அது நல்லதுதான்.

நேரக் கணக்கில் ஒரு தவறு எல்லாப் பள்ளியிலும் வருகிறது. ரயில் காலை 7.10-க்குக் கிளம்பி 12.00-க்குச் சேர்வதாக வைத்து எவ்வளவு நேரம் என்று கேட்டால், 12.00-லிருந்து 7.10-ஐக் கழித்து 4.90 என்று எழுதுவார்கள். 4 மணி 90 நிமிடம். கழித்தல் சரி, ஆனால் மணிக்கு நூறு நிமிடம் இல்லையே. ‘90 நிமிடம் என்றால் எவ்வளவு?’ என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். அப்புறம் 7.10-லிருந்து 8-க்கு 50 நிமிடம், 8-லிருந்து 12-க்கு 4 மணி என்று கடிகார முகத்தில் விரல் வைத்துக் காட்டட்டும். 4 மணி 50 நிமிடத்தில் 46 கிலோமீட்டர் என்றால் மணிக்குப் பத்துகூட இல்லை. ஓடத் தெரிந்த அண்ணன் ஒருவர் கொஞ்ச தூரத்துக்காவது கூடவே ஓடிவரலாம் என்று சொன்னால் அந்த வேகம் மனத்தில் நிற்கும்.

உயரத்துக்கு இன்னொரு வேலை. 100 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்ற அளவில் சார்ட்டில் படி வரையலாம். மேட்டுப்பாளையம் 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், குன்னூர் 18-ஐ ஒட்டி, உதகை 22, தொட்டபெட்டா 2637 மீட்டர் என்பதால் 26-ஐத் தாண்டி. 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்று சேர்த்துச் சொன்னால், மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது கழற்றிய ஸ்வெட்டரைக் குன்னூரில் ஏன் மாட்டுகிறோம் என்பதற்கு எண்ணிலேயே விடை இருக்கும்.

ஓவியம், கைவேலையில்?

கோலம் எல்லோருக்கும் தெரிந்தது. ஊடுபுள்ளி 7 வைத்து 4-ல் நிறுத்தினால் மொத்தம் எத்தனை புள்ளி? 4, 5, 6, 7, 6, 5, 4. நடுவரிசையைத் தவிர மற்றவை ஜோடி ஜோடியாக வருவதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை 30-உடன் 7-ஐச் சேர்த்து 37 என்று சட்டென்று சொல்லிவிடும்.

தோடர் பூத்தையல் நம் மாவட்டத்துக்கே உரியது, 2013-ல் புவிசார் குறியீடும் பெற்றது. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் போடுவது. துணியில் பென்சிலால் எதையும் வரைந்துகொள்வதில்லை. ஊடும் பாவுமான இழைகளை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். ஓர் இழை தப்பினால் வடிவம் சரிந்துவிடும். அந்தப் பெண்கள் மனத்துக்குள் வைத்திருக்கும் எண்ணிக்கைக்கும் சமச்சீருக்கும் முன்னால் நம் பாடப்புத்தகச் சமச்சீர் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் மந்து (தோடர் குடியிருப்பு) இருந்தால், தைக்கும் ஒருவரை மரியாதையோடு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். அப்புறம் பிள்ளைகள் கட்டத் தாளில் சொந்தமாக ஒரு வடிவம் யோசித்து, அரைப்பக்கத்தை மட்டும் நிரப்பி, மறுபாதியை அடுத்தவரிடம் கொடுத்து எண்ணி முடிக்கச் சொல்லலாம். அவர்களுடைய வடிவங்களையே நகலெடுத்துப் பள்ளிக் கண்காட்சியில் வைக்க வேண்டாம். அது அந்த மக்களின் சொத்து.

விளையாட்டு பீரியடைக் கெடுக்காமல் எண்ணைச் சேர்க்க முடியுமா?

ஓடவிட்ட பிறகுதான் சேர்க்க வேண்டும். ஓடி முடித்ததும் மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி நாடித்துடிப்பை எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு என்று வரும். கொஞ்சம் உட்கார்ந்து மறுபடி எண்ணினால் இறங்கியிருக்கும். நீளம் தாண்டுதலில் அவரவர் தாண்டியதை அவரவரே டேப்பில் படித்து எழுதட்டும். மழைக்காலத்தில் வெளியே போக முடியாத நாட்களுக்குப் பல்லாங்குழி இருக்கிறது: 14 குழி, குழிக்கு 5 என்று 70 முத்து (ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்). எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று எண்ணாமலே பார்த்துச் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையிடம் ‘நீ எப்படிப் பார்த்தாய்?’ என்று கேட்டு வகுப்புக்குச் சொல்லவையுங்கள்.

எங்கள் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் நடக்குமா?

உங்கள் பள்ளியில்தான் இது நன்றாக நடக்கும். தனித்தனி பீரியட், தனித்தனி ஆசிரியர் என்று பிரிந்திருக்கும் பெரிய பள்ளிகளில்தான் பாடங்களுக்கு நடுவே சுவர் இருக்கிறது. உங்களிடம் காலையில் தமிழும் மதியம் அறிவியலும் எடுப்பவர் ஒருவரே.

மழைமானியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு மழை பெய்த நாள், பெய்யாத நாள் என்று இரண்டு டப்பாவில் கூழாங்கல் போட்டு எண்ணலாம். மூன்றாம் வகுப்பு ஒரு வாரத்தின் அளவைக் கூட்டலாம். நான்காம் வகுப்பு பட்டை வரைபடம் வரையலாம். ஐந்தாம் வகுப்பு கூரைத் தண்ணீரைக் கணக்கிடலாம். அரும்பு நிலையில் இருக்கும் நான்காம் வகுப்புப் பிள்ளை கூச்சமில்லாமல் கூழாங்கல் குழுவில் சேர்ந்துகொள்ளும், ஏனென்றால் எல்லோரும் ஒரே மழையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்காக ஐந்து பாடக்குறிப்பு எழுத வேண்டியதும் இல்லை.

வீட்டில் படுக மொழி, மலையாளம், பணியர் மொழி பேசும் பிள்ளைகள் தமிழில் எண்ணும்போது தடுமாறுகிறார்கள். அவர்களுக்குக் கணக்கு வராதா?

அப்படி முடிவுகட்டுவது பெரிய அநியாயம். ஒந்து, எரடு, மூரு என்று படுக மொழியில் சரளமாக எண்ணும் பிள்ளைக்கு எண் தெரியும். தமிழ்ப் பெயர்தான் இன்னும் நாக்குக்கு வரவில்லை. முதல் சில மாதம் பொருளை எண்ணும்போது வீட்டு மொழியிலேயே எண்ணவிடுங்கள், விடையை மட்டும் எண்ணால் எழுதட்டும். பிறகு எல்லோரும் எல்லோருடைய மொழியிலும் பத்து வரை எண்ணக் கற்றுக்கொள்ளலாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அது நல்லது. ஆங்கிலத்திலும் இதேதான். பிஃப்டீன், பிஃப்டி காதில் குழம்பினால் அது கேட்பதில் உள்ள சிக்கல். 15, 50 என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னால் எங்கே சிக்கல் என்று உடனே தெரிந்துவிடும்.

நாங்கள் தோட்டத்தில் இலை பறிக்கிறவர்கள். அதிகம் படிக்கவில்லை. பிள்ளைக்கு வீட்டில் என்ன சொல்லிக்கொடுப்பது?

நீங்கள் தினமும் செய்வதே பெரிய கணக்கு. பறித்த பச்சை இலையை எடை போடும் இடத்தில் தராசு காட்டுவது ஒன்று, உங்கள் பெயரில் எழுதுவது ஒன்று. பை எடை கழிக்கிறார்கள், மழை நாளில் ஈரத்துக்கும் கழிக்கிறார்கள். 32 கிலோ காட்டியது, பைக்கு 1, ஈரத்துக்கு 2 போக 29 என்று நீங்கள் மனக்கணக்காகச் சரிபார்ப்பதைப் பிள்ளை கேட்கும்படி வாய்விட்டுச் செய்யுங்கள். போதும். ‘இன்னிக்கு நேத்தைவிடக் கூடவா கம்மியா?’ என்று பிள்ளையைக் கேளுங்கள். ஏறக்குறைய 4 கிலோ பச்சை இலைக்கு 1 கிலோ தூள் கிடைக்கும் என்று சொல்லி, இன்று அம்மா பறித்ததில் எத்தனை கிலோ தூள் ஆகும் என்று யோசிக்கச் சொல்லுங்கள். 28-ஐ நான்கால் வகுத்து ஏழு, அதற்குக் கொஞ்சம் மேல். சரியான விடையைவிட அந்த யோசனைதான் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு: இந்த எடைச் சீட்டை வகுப்புக்குக் கொண்டுவருவது மிக நல்ல பாடம். ஆனால் பிள்ளைகளின் வீட்டுச் சீட்டைக் கேட்காதீர்கள். யார் வீட்டில் எவ்வளவு வருகிறது, எவ்வளவு முன்பணம் பிடிக்கிறார்கள் என்பது வகுப்பில் பேசும் விஷயம் இல்லை. நீங்களே ஒரு மாதிரிச் சீட்டு எழுதுங்கள். அதில் ஒரு இடத்தில் வேண்டுமென்றே தவறாகக் கழித்து வையுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்கும் வேகத்தைப் பார்த்தால், கணக்கில் பின்தங்கியவர்கள் என்று நாம் யாரைக் குறித்து வைத்திருக்கிறோமோ அந்தப் பட்டியலைத் திருத்த வேண்டிவரும்.

சத்துணவை வைத்து ஏதாவது?

தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி என்பது அளவு. இன்று 23 பேர் வந்திருந்தால் 2 கிலோ 300 கிராம். வருகைப் பதிவு முடிந்ததும் தினமும் ஒரு பிள்ளை இதைக் கணக்கிட்டுச் சமையலம்மாவிடம் போய்ச் சொல்லட்டும். அவர் சரிபார்த்துத் தலையாட்டினால் அதைவிடப் பெரிய டிக் மார்க் இல்லை.

இதையெல்லாம் செய்தால் கணக்கு பீரியடைக் குறைத்துக்கொள்ளலாமா?

கூடாது. வாய்ப்பாடும் இடமதிப்பும் பழகும் நேரம் தனியாக வேண்டும். அங்கே கற்றது இங்கே பயன்பட வேண்டும், அவ்வளவுதான். இந்த வாரம் கணக்கில் மில்லிமீட்டர் என்றால் அடுத்த வாரம் மழைமானி என்று வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இன்னும் சொல்லித்தராத ஒன்றை அறிவியல் வகுப்பில் திடீரென்று கேட்டால் பிள்ளை இரண்டு பாடத்தையும் வெறுக்கும்.

முன்னேற்றத்தை எப்படிப் பார்ப்பது? இதற்குத் தேர்வு உண்டா?

தேர்வு வேண்டாம். மாதத்துக்கு ஒரு முறை எண் தவறாக உள்ள ஒரு வாக்கியத்தை எழுதிப் போடுங்கள். ‘எங்கள் ஊர் பஸ் 9 மீட்டர் உயரம்’, ‘தொட்டபெட்டா 263 மீட்டர்’, ‘கொடைக்கானலில் 2006-லும் 2018-லும் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2024-ல் பூக்கும்’ என்பது போல. யார் சொல்லாமலே ‘அது இருக்காதே’ என்கிறார்கள், ஏன் இருக்காது என்று சொல்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குறிஞ்சிக் கேள்வியில் 12 ஆண்டு இடைவெளியைப் பிடித்து 2030 என்று சொல்பவரிடம், அப்போது உனக்கு என்ன வயது என்று சேர்த்துக் கேளுங்கள்.

எங்களிடம் தராசு, டேப் எதுவும் இல்லை. என்ன வாங்க வேண்டும்?

பள்ளி மானியத்தில் முதலில் ஒரு நல்ல தையல்காரர் டேப்பும், 0 ஓரத்திலேயே தொடங்கும் இரும்பு ஸ்கேல் இரண்டும் வாங்குங்கள். அடுத்து ஒரு தட்டுத்தராசும் படிக்கற்களும். டிஜிட்டல் தராசு எண்ணை மட்டும் காட்டும்; தட்டு இறங்குவதும் ஏறுவதும் சின்னப் பிள்ளைகளுக்கு அவசியம். தட்டுத்தராசு கிடைக்கும்வரை மரச்சட்டத்தின் நடுவே கயிறு கட்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி டப்பா தொங்கவிட்டுச் சமாளிக்கலாம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் படிக்கல்லாக வைத்து, உருளைக்கிழங்கு எத்தனை போட்டால் சமமாகிறது என்று பாருங்கள். சுவர்க் கடிகாரம் முள் உள்ளதாக இருக்கட்டும். வெப்பமானி வாங்கினால் பாதரசம் இல்லாததாகப் பார்த்து, வெயில் நேராகப் படாத வராந்தாவில், பிள்ளைகளின் கண் உயரத்துக்கு மாட்டுங்கள்.